நெடுவழி மிதிவண்டியும் நினைவிழந்தோர் நலமும்



அறுபத்து நான்கு வயது நிரம்பிய ஒருவர் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையில் மிதிவண்டியிலேயே சென்றார் என்று சொன்னால், "எதற்காக?" என்று கேட்பீர்கள். மறதி நோயால் வருந்தும் முதியோர்க்குப் பொருள் திரட்டுவதற்காக என்று விடை கூறினால், அடுத்த வினா உடனே எழும். "பொருள்தான் வேண்டும் என்றால் நாலு பேரிடம் கேட்டு வாங்கலாமே, அதற்காக எழுநூறு கிலோமீட்டர் மிதிவண்டி மிதிப்பானேன்?" என்பீர்கள். 2025-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவ்வாறு சென்றவன் நான். இந்த இரண்டாம் வினாவை வங்கியில் கேட்டார்கள். மருத்துவரிடம் சென்றபோது அவர் கேட்டார். என் வீட்டுக்குள்ளேயும் கேட்டார்கள். நல்ல வினாவுக்கு ஆசிரியன் அவசரப்பட்டு விடை சொல்லலாகாது. ஆதலின் முதலில் நோயைப் பற்றியும், பின்னர் நோயாளியைக் காப்பவரைப் பற்றியும் கூறிவிட்டு, அதன்பின் மிதிவண்டிக்கு வருகிறேன்.

மறதி எல்லார்க்கும் பொதுவானது. ஜெர்மானிய உளநூல் அறிஞர் எபிங்ஹாஸ் என்பவர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறந்து போகின்றன என்று அளந்து, 1885-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடங்களுள் அதுவும் ஒன்று. கற்றவற்றுள் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது. மீண்டும் மீண்டும் படித்தால் நிலைக்கிறது. இத்தகைய மறதிக்கு ஓர் இயல்பு உண்டு. சிறு குறிப்புக் கொடுத்தால் மறந்தது திரும்ப வந்துவிடும். பழைய மாணவன் ஒருவன் என் எதிரே வந்து நிற்கிறான், பெயர் வரவில்லை. "கடைசி வரிசை ஐயா, கைப்பந்து ஆடுவேனே" என்கிறான். பெயர் உடனே நாவில் வந்து நிற்கிறது. இது நோயன்று.

நோயினால் வரும் மறதி வேறு. காலையில் உண்டதை மாலையில் கேட்டால் நினைவில்லை. "இட்டிலி உண்டீர்களே" என்று குறிப்புக் கொடுத்தாலும் நினைவு வருவதில்லை. ஏன்? அந்நிகழ்ச்சி மூளையில் பதியவே இல்லை. புதிய செய்திகளைப் பதித்துக் கொள்வதற்குத் துணை செய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியை அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்குகிறது. அதனால்தான் ஐம்பது ஆண்டுக்கு முன் நடந்த தம் திருமணத்தை விரிவாகக் கூறும் முதியவர், ஐந்து நிமிடத்துக்கு முன் கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்கிறார். நாளடைவில் சொற்கள் அகப்படுவதில்லை; பழகிய தெருவிலேயே வழி தவறுகிறது; சட்டையின் பொத்தானை இடுவதும் பெருஞ்செயலாகி விடுகிறது.

இந்நோய்க்கு அல்சைமர் என்னும் பெயர் வந்த வரலாறு சிறியது. 1901-ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவரை ஆராய்ந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். அப்பெண்மணி 1906-இல் இறந்தார். அவருடைய மூளையை நுண்ணோக்காடியில் வைத்துப் பார்த்த அல்சைமர், நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிந்த பொருளையும், அணுக்களுக்குள்ளே சிக்குண்ட நூல் போன்ற இழைகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் டியூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் அதனை எடுத்துரைத்தார். அவையோர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. 1910-இல் கிரெப்பலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் அந்நோயை அல்சைமரின் பெயரால் குறித்தார், பெயர் நிலைத்துவிட்டது.

நினைவும் அறிவும் தேயும் நோய்கள் அனைத்தையும் சேர்த்து டிமென்ஷியா என்று வழங்குகிறார்கள். அவற்றுள் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது வரை அல்சைமர் நோய் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் கெடுவதாலும், வேறு சில காரணங்களாலும் வருவன எஞ்சியவை. 2021-இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் மக்கள் இத்தகைய நோயுடன் வாழ்ந்தனர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. நம் நாட்டில் அறுபது வயது கடந்தவர்களை ஆராய்ந்து 2023-இல் வெளிவந்த ஆய்வு, அவர்களுள் நூற்றுக்கு 7.4 பேர்க்கு இந்நோய் உண்டு என்றும், மொத்தம் ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்றும் மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தாரைவிட நாட்டுப்புறத்தார்க்கும் இது மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிவு. நோயின் வேகத்தை ஓரளவு தணிக்கும் மருந்துகள் சில வந்துள்ளன. அடியோடு நீக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

மருந்தில்லாத நோய்க்கு மனிதரே மருந்தாக வேண்டியிருக்கிறது. என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கரும்பலகையில் கைவீச்சாகவே வட்டம் வரைவார். கவராயம் கொண்டு வரைந்தது போல் இருக்கும். ஓய்வு பெற்ற ஆறாம் ஆண்டில் அவருக்கு இந்நோய் கண்டது. இன்று அவர் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று நள்ளிரவில் எழுந்து செருப்பைத் தேடுகிறார். அவருடைய துணைவியார் தெருக்கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவருகிலேயே பாய் விரித்துப் படுக்கிறார். ஒருநாள் நான் சென்றிருந்தபோது அவ்வம்மையார் சொன்னார்: "அண்ணா, அவர் என்னை மறந்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரே ஒரு நாள் மட்டும் பொழுது விடியும் வரை தூங்கினால் போதும்."

உலக சுகாதார நிறுவனம் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நோயாளியின் உறவினரும் நண்பரும் நாளொன்றுக்குச் சராசரி ஐந்து மணி நேரம் அவரைப் பேணுவதிலேயே செலவிடுகின்றனர். அவ்வுழைப்பில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது. ஊதியம் இல்லை, விடுமுறை இல்லை, எப்போது முடியும் என்ற வரையறையும் இல்லை. எங்கள் பகுதியில் இத்தகைய நோயாளிகளைக் காலை முதல் மாலை வரை வைத்துப் பேணும் சிறிய இல்லம் ஒன்று உண்டு. நம் கணித ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள் அங்குச் சென்று வந்தார். அந்த மூன்று பகற்பொழுதுதான் அவ்வம்மையார்க்கு உறக்கம். 2024-ஆம் ஆண்டின் நடுவில், பணிப்பெண்கள் இருவருக்கு ஊதியம் தர வழியின்றி, அவ்வில்லத்தை வாரம் ஒரு நாளாகச் சுருக்க நேரும் என்று நடத்துவோர் அறிவித்தனர். அப்போதுதான் மிதிவண்டி என்னும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

அது புதிய எண்ணமன்று. பிரிட்டன் தீவின் தென்மேற்கு முனையில் லேண்ட்ஸ் எண்டு என்ற இடமும், வடகிழக்கு முனையில் ஜான் ஓ குரோட்ஸ் என்ற சிற்றூரும் உள்ளன. சாலை வழியே இடைத்தொலைவு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். 1886-ஆம் ஆண்டில் ஜார்ஜ் மில்ஸ் என்ற இளைஞர், முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் முழங்காலளவும் உள்ள பழைய வண்டியில் ஏறி, ஐந்து நாள் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அத்தொலைவைக் கடந்தார். 1954-இல் ஐலீன் ஷெரிடன் என்ற பெண்மணி இரண்டு நாள் 11 மணி 7 நிமிடத்தில் கடந்தார். ஐந்தடி உயரங்கூட இல்லாத அவ்வீராங்கனையின் காலத்தை முறியடிக்க வேறொரு பெண் 1990-இல்தான் வந்தார். பிரான்சு நாட்டில் பாரிசிலிருந்து பிரெஸ்டு துறைமுகம் சென்று பாரிசுக்கே திரும்பும் 1,200 கிலோமீட்டர் ஓட்டம் 1891-இல் தொடங்கியது. இப்போது நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் அந்த ஓட்டத்தைத் தொண்ணூறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு நம் நாட்டவரும் சென்று வருகின்றனர்.

இவை விரைவை நாடுவோர் செய்தவை. அதே பிரிட்டன் சாலையில், வேறொரு நோக்கத்துடன் செல்லும் எளிய மனிதர் ஆண்டுதோறும் பலர். அவர்கள் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டாலும் கேட்பாரில்லை. தாயையோ தந்தையையோ நண்பரையோ வருத்திய நோய் ஒன்றின் பெயரால் அவர்கள் புறப்படுகிறார்கள். "நான் இவ்வளவு தொலைவு மிதிப்பேன்; நீங்கள் இவ்வளவு தாருங்கள்" என்று தெரிந்தவரிடம் உறுதி வாங்கிக்கொண்டு செல்கிறார்கள். மறதி நோய்க்காக அவ்வாறு செல்வோரும் அங்கு உளர்.

நமக்கும் இம்முறை அயலானதன்று. பழனிக்குக் கால்நடையாகச் செல்வோர், பேருந்து இல்லாமையாலா நடக்கிறார்கள்? வினோபா பாவே 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்னும் சிற்றூரில் முதல் நிலக்கொடையைப் பெற்றார். அதன்பின் ஆண்டுக்கணக்காக ஊர் ஊராக நடந்தே நிலம் கேட்டார், தமிழ்நாட்டிலும் நடந்தார். கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் கடிதமே விடையாக வந்திருக்கும். கேட்பவன் தன் உடலுழைப்பை முதலில் வைத்துவிட்டுக் கேட்கும்போது, கொடுப்பவர்க்கும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசத் தோன்றுகிறது. உங்கள் இரண்டாம் வினாவுக்கு இது பாதி விடை. மீதியை வழியில் கற்றேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

ஆயத்தம் ஆறு மாத காலம் நடந்தது. முதலில் மருத்துவரிடம் சென்று இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொண்டேன். வண்டி, பற்சக்கரங்கள் பல கொண்ட நடுத்தர விலை வண்டி. இருக்கையின் உயரமே முதற்பாடம். மிதிகட்டை கீழே செல்லும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்தால் முழங்கால் நோகும். மிக உயர்ந்தால் இடுப்பு ஆடும். முதல் வாரம் நாள்தோறும் விடியற்காலையில் பத்துக் கிலோமீட்டர். அதன்பின் வாரந்தோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூட்டினேன். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. ஒரு நாள் மட்டும் நெடுந்தொலைவு. பாடத்தைத் தேர்வுக்கு முந்திய இரவில் அடைத்துக்கொள்ள முடியாதது போலவே, கால்வலிமையையும் கடைசி வாரத்தில் சேர்த்துக்கொள்ள முடியாது.

நெடுவழிக்கு வேண்டுவது வேகமன்று, சீர்மை. கடினமான பற்சக்கரத்தில் ஏற்றி அழுத்தி மிதிப்பவர் விரைவில் தளர்வார். எளிய பற்சக்கரத்தில் சீராகச் சுழற்றுபவர் நெடுநேரம் தாங்குவார். நம் தசையும் ஈரலும் கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளைச் சேமித்து வைத்திருக்கின்றன. கடுமையாக உழைத்தால் அச்சேமிப்பு இரண்டு மணி நேர அளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீர்ந்தபின் உண்டால் உடனே பயன் தராது. ஆகவே பசிக்கு முன் உண்ண வேண்டும். விடாய்க்கு முன் பருக வேண்டும். வேர்வையோடு உப்பும் போவதால், வெறுந்தண்ணீர் மட்டும் போதாது. வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பிட்ட மோர் இவையே என் வழியுணவு. தலைக்கவசம் இன்றி ஒருநாளும் வண்டியில் ஏறியதில்லை. தலையில் படும் பலத்த அடி பிற்காலத்தில் மறதி நோய்க்கும் காரணமாகலாம் என்பதை அறிந்தவன், அந்நோய்க்காகவே புறப்படும்போது வெறுந்தலையுடன் செல்வது பொருந்துமா?

பொங்கல் விழா கழிந்ததும் புறப்பட்டேன். அக்காலத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தை மாதத்தில் மழை ஓய்ந்திருக்கும்; வெயில் ஏறியிராது; வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்று தெற்கு நோக்கிச் செல்பவன் முதுகைச் சற்றே தள்ளிவிடும். ஆனி ஆடியில் சென்றால், வள்ளியூர் கடந்து காவல்கிணற்றுப் பக்கம் மேல்காற்று வண்டியையே சாய்த்துவிடும். அங்குக் காற்றாலைகள் காடுபோல் நிற்பது அதனால்தானே? நாளொன்றுக்கு எண்பது கிலோமீட்டர் அளவில், விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி வழியாக, ஒன்பது நாளில் குமரிமுனை என்பது திட்டம். என் பழைய மாணவர் இருவர் முறை வைத்துக்கொண்டு என் பின்னே தத்தம் வண்டிகளில் வந்தனர்.

முதுகுப் பக்கம் ஒரு துணியில், "மறதி நோயுற்ற முதியோர் நலனுக்காக" என்று எழுதித் தைத்திருந்தேன். முதல் இரண்டு நாள் கார்களில் விரைந்தோர் கைகாட்டிச் சென்றனர், அவ்வளவே. நான் நின்றது தேநீர்க் கடைகளிலும் வண்டி பழுது பார்க்கும் கடைகளிலுந்தான். மிதிவண்டிக்காரன் மணிக்கொரு முறை நின்றே தீர வேண்டும். அவ்வாறு நின்ற இடங்களில்தான் பேச்சுத் தொடங்கியது.

விழுப்புரத்துக்குத் தெற்கே ஒரு கடையில், தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த பெண்மணி அத்துணியை எழுத்துக் கூட்டிப் படித்தார். "மறதிக்கு நோய் என்று பெயர் உண்டா ஐயா?" என்றார். விளக்கினேன். அவர் கை நின்றுவிட்டது. "என் மாமனார் எங்களைத் திருடர் என்று ஏசுகிறார். பணத்தைத் தாமே எங்கேயோ வைத்துவிட்டு, நாங்கள் எடுத்தோம் என்கிறார். யாரோ ஏவல் வைத்துவிட்டார்கள் என்று இரண்டு இடத்தில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். அவர் வேண்டுமென்று செய்யவில்லையா?" என்று கேட்டார். வேண்டுமென்று செய்யவில்லை என்றும், வைத்த இடம் நினைவில் பதியாதவர்க்குப் பொருள் களவு போனதாகவே தோன்றும் என்றும் கூறினேன். அரசு மருத்துவமனையில் காட்டும்படியும் சொன்னேன். தைராய்டு சுரப்பு குறைந்தாலும், பி பன்னிரண்டு என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தாலும், மனச்சோர்வு மிகுந்தாலும் மறதி தோன்றுவதுண்டு. அவற்றுக்கு மருத்துவம் உண்டு. சோதித்துப் பார்க்காமல் தலைவிதி என்று விட்டுவிடலாகாது. அப்பெண்மணி தேநீருக்குக் காசு வாங்க மறுத்ததோடு, இருபது ரூபாய் நோட்டு ஒன்றையும் என் கையில் வைத்தார். பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

திருச்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் சக்கரத்தில் முள் ஏறியது. ஒட்டுப்போட்ட தொழிலாளி முழுநேரமும் ஒன்றும் பேசவில்லை. வேலை முடிந்ததும் கடையின் உட்புறத்தைக் காட்டினார். அங்கே அவருடைய தாயார் ஒரு பலகையில் அமர்ந்து, பழைய மிதிகட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றொரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். முடிந்ததும் மீண்டும் முதற்பெட்டிக்கு மாற்றினார். "சும்மா இருந்தால் வெளியே போய்விடுவார், வேலை கொடுத்தால் அமைதியாக இருக்கிறார். அதனால் கடைக்கே கூட்டி வந்துவிடுகிறேன்" என்றார் மகன். பெரிய மருத்துவமனைகளில் பயிற்சி பெற்றவர்கள் கையாளும் முறையை அவர் தாமாகவே கண்டறிந்திருந்தார். தம் தாயைப் பற்றி வாடிக்கையாளர் ஒருவரிடமும் அதுவரை பேசியதில்லை என்றும் சொன்னார். "கேட்பவர் இல்லை ஐயா, நீங்கள் துணியில் எழுதிக்கொண்டு வந்தீர்கள்."

இதுவே நான் வழியில் கற்ற மீதி விடை. இந்நோய் வீட்டுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. பைத்தியம் என்று ஊரார் சொல்வார்களோ, பெண் கொடுக்கத் தயங்குவார்களோ என்று அஞ்சி மறைக்கிறார்கள். பணம் அனுப்புவோர் வீட்டிலிருந்தபடியே அனுப்பலாம், மிக நன்று. ஆனால் மறைத்து வைத்த துன்பத்தை வாய்விட்டுச் சொல்ல, எதிரே ஒரு மனிதன் வந்து நிற்க வேண்டும். அவன் அவசரமில்லாதவனாகவும் இருக்க வேண்டும். மிதிவண்டி மெதுவாகச் செல்கிறது, அடிக்கடி நிற்கிறது. பொருள் திரட்டுவதற்கு அது சுற்றுவழியே. மனம் திறப்பதற்கு அதைவிட நேர்வழி எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாளில் இருபத்தேழு குடும்பத்தார் தம் வீட்டு முதியவரைப் பற்றி என்னிடம் பேசினர். குறிப்பேட்டில் ஊர்ப்பெயர் மட்டும் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் மதுரை தாண்டிச் சாத்தூரை நெருங்கும்போது, என் வலது முழங்கால் நோவெடுத்துவிட்டது. மேற்கொண்டு செல்லலாமா என்ற ஐயம் பிறந்தது. உடன் வந்த மாணவர், "ஐயா, மீதித் தொலைவை நான் மிதிக்கிறேன், நீங்கள் நாளை மட்டும் பேருந்தில் வாருங்கள்" என்றார். உறுதி கொடுத்தவன் நான் என்பதால் அதற்கு உடன்படவில்லை. ஆனால் மறுநாள் அவர் என் மூட்டையைத் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு, எனக்கு முன்னே சென்று காற்றைத் தாங்கினார். முன்செல்பவர் காற்றைப் பிளந்து கொடுத்தால் பின்வருபவர்க்கு உழைப்பு வெகுவாகக் குறையும் என்பது மிதிவண்டிக்காரர் அறிந்த பௌதிகம். அவ்வாறே திருநெல்வேலி சேர்ந்தோம். கணித ஆசிரியரின் துணைவியாரை அன்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் எட்டு ஆண்டாக எதிர்க்காற்றில் தனியே மிதிக்கிறார். அவருடைய வண்டியை நாம் வாங்கிக்கொள்ள இயலாது. நாளில் சில மணி நேரம் முன்னே சென்று காற்றைத் தாங்க இயலும். பகல்நேர இல்லம் செய்யும் பணி அதுதான். ஒன்பதாம் நாள் மாலை குமரிமுனை சேர்ந்தோம்.

இனிக் கணக்கு. கிலோமீட்டர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் 700 ரூபாய் தருவதாக 412 பேர் உறுதி கூறியிருந்தனர். 388 பேர் கொடுத்தனர். அது 2,71,600 ரூபாய். வழியில் பற்றுச்சீட்டுக்குக் கிடைத்தது 18,430 ரூபாய். ஆக மொத்தம் 2,90,030 ரூபாய். என் உணவு, தங்கும் செலவு, வண்டிச் செலவு அனைத்தும் என் ஓய்வூதியத்திலிருந்து செய்தவை. திரட்டிய பொருளில் ஒரு காசும் அவற்றுக்குச் செல்லவில்லை. அடிக்கட்டைகளோடு கணக்கை இல்லத்தாரிடம் ஒப்படைத்து, உறுதி கூறிய 412 பேர்க்கும் அதன் நகலை அனுப்பினேன். பிறர் பொருளைத் தொடுபவன் கணக்கைக் கேட்பதற்கு முன்பே காட்டிவிட வேண்டும். அப்பொருள் பணிப்பெண்கள் இருவருக்கும் ஓராண்டு ஊதியமாயிற்று. இல்லம் வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து நடந்தது. ஓராண்டு கழிந்தால் மறுபடி வேண்டுமே என்பீர்கள். ஆம், மறுபடியும் வேண்டும். இந்நோயைப் போலவே இத்தொண்டும் ஒரே நாளில் முடிவதன்று.

இளைஞர்களாகிய உங்களுக்கு இதில் என்ன வேலை? முதலாவது, உங்கள் மூளையைப் பற்றியது. லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த அறிஞர் குழு, 2024-இல் பதினான்கு காரணங்களை எடுத்துக்காட்டியது. அவற்றை எல்லாம் நீக்க முடிந்தால், உலகில் மறதி நோய் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து பங்கு தடுக்கப்படவோ தள்ளிப்போகவோ கூடும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இளமையில் கல்வி குறைதல் அவற்றுள் ஒன்று. உயர்ந்த இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைபிடித்தல், மது மிகுதி, உடலுழைப்பின்மை, தலைக்காயம், காது கேளாமையைக் கவனியாமல் விடுதல், தனிமை முதலியன மற்றவை. முதுமையின் நோய்க்கு இளமையிலேயே அணை கட்டத் தொடங்கலாம் என்பது இதனால் விளங்குகிறது. மிதிவண்டி மிதித்தால் மறதி நோயே வராது என்று நான் உறுதி கூறமாட்டேன். அவ்வாறு கூறுவோரை நம்பவும் வேண்டா. உடலை இயக்குவது இடரைக் குறைக்கும், அவ்வளவே உண்மை.

இரண்டாவது, உங்கள் தெருவைப் பற்றியது. பாட்டி ஒருவர் ஒரே கதையைப் பத்தாம் முறை சொன்னால், "இதைத்தான் சொல்லிவிட்டீர்களே" என்று இடித்துரைக்காதீர்கள். அவருக்கு அது முதல் முறை. அவருடைய பழைய நினைவுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். அவரைப் பேணும் தாயோ அத்தையோ சற்றே கண்ணயர, ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் நீங்கள் அவர் அருகில் அமர்ந்திருக்கலாம். முதியவர் ஒருவர் வழி தெரியாமல் தெருவில் நின்றால், நகைத்துக்கொண்டு கடந்து போகாமல், அவர் கையைப் பற்றி வீடு சேர்க்கலாம். இவற்றுக்குப் பொருளும் வேண்டா. அறுபத்து நான்கு வயது வரை காத்திருக்கவும் வேண்டா.

மூன்றாவது, பொருள் திரட்ட விரும்புவோர்க்கு. எழுநூறு கிலோமீட்டர் வேண்டுவதில்லை. பத்து மாணவர் சேர்ந்து, பள்ளி விளையாட்டுத் திடலைச் சுற்றி நூறு சுற்று வரலாம். ஆசிரியர் ஒருவர் துணையுடன், தலைக்கவசத்துடன், பற்றுச்சீட்டுடன், முடிவில் அறிவிப்புப் பலகையில் கணக்குடன் செய்யுங்கள். செல்லும் இடந்தோறும் நோயின் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். கேட்பவர்களுள் ஒருவராவது தம் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அப்போது வண்டியை விட்டு இறங்கி, அவர் பேசி முடிக்கும் வரையில் நின்று கேளுங்கள்.